யாருடைய நோய்?

1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பனிக்கட்டியிட்ட பெட்டி ஒன்றுடன் இரவுத் தொடர்வண்டியில் காட்பாடிக்குப் புறப்பட்டார். உடன் சென்றவர் அவருடைய கணவர். பெட்டியில் இருந்தவை அவர் பல நாள் அலைந்து திரட்டிய இரத்த மாதிரிகள். சென்னையில் அவற்றைச் சோதிக்க வசதி இல்லாமையால், வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவற்றை வைத்திருந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட ஒரு விவாதத்தை அப்பெட்டி தொடங்கி வைத்தது.

'எவ்வளவு பெரிய ஆபத்து இது?' என்று தொடங்க வேண்டிய அவ்விவாதம், 'இது யாருடைய நோய்?' என்னும் வினாவிற்குள் புகுந்து அங்கேயே நெடுங்காலம் தங்கிவிட்டது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யாவர் என்பதைச் சென்னையில் தொடங்கிச் சாத்தூர் வரை தொடர்ந்து காணுதல் தகும்.

கண்டறிதலும் அறிவித்தலும்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சு நகரில் ஐந்து ஆடவர்க்கு ஏற்பட்ட அரிய நுரையீரல் நோயைப் பற்றி 1981 சூன் 5 அன்று வெளியான சிறு குறிப்பே இந்நோய் பற்றிய முதல் மருத்துவப் பதிவு. 1982இல் அதற்கு எய்ட்ஸ் என்று பெயரிட்டனர். 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனம் அதற்குக் காரணமான நச்சுயிரியைக் கண்டது. 1985இல் அமெரிக்காவில் இரத்தச் சோதனை முறை நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் அப்போது நிலவிய எண்ணம், இது நமக்குரிய நோயன்று என்பதே. பம்பாய் போன்ற நகரங்களில் செய்த சோதனைகள் எதையும் காட்டவில்லை. அந்நிலையில்தான் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவியின் ஆய்வுக்கு இத்தலைப்பை முன்வைத்தார். மாணவி முதலில் தயங்கினார். பின்னர் ஏற்று மாதிரிகளைத் திரட்டினார். அவற்றுள் பல, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழில் சார்ந்த பெண்களுடையவை.

வேலூரில் பேராசிரியர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின. அந்த ஆறு பெண்களிடமிருந்தும் மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்தனர். அமெரிக்காவில் செய்த உறுதிச் சோதனையும் அம்முடிவையே தந்தது. நல்வாழ்வுத் துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே அச்செய்தியைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

நம்பாமையின் வாதங்கள்

அறிவிப்பைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்புரைகளை நான்காக வகுக்கலாம். சோதனை பிழையானது என்பது முதலாவது. நம் பண்பாடு இந்நோய்க்கு இடம் தராது என்பது இரண்டாவது. சொன்னவர் வேற்று மாநிலத்தவர் என்பது மூன்றாவது. சுனிதி சாலமன் மராட்டிய வழியினர் என்பதே ஒரு குற்றச்சாட்டாயிற்று. காசநோயும் வயிற்றுப்போக்கும் நாள்தோறும் உயிர்களைக் கொள்ளும் நாட்டில், ஒரு சிலருக்கு வந்த புதுநோய்க்குப் பொருளைச் செலவிடுதல் முறையோ என்பது நான்காவது.

இவற்றுள் முதலாவதும் நான்காவதும் அறிவுசார் வாதங்களே. சோதனையை ஐயுறுவது அறிவியலின் கடமை. மறுசோதனை அவ்வையத்தைத் தீர்த்தது. ஏழை நாடு தன் செலவை எண்ணிப் பார்ப்பதும் முறையே. ஆயினும் எய்ட்ஸ் காசநோயோடு போட்டியிடவில்லை, அதற்குத் துணையாகவே வந்தது என்பது பின்னர் விளங்கிற்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் தீர்க்கவல்ல ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. அவை நோயைப் பற்றியன அல்ல. யார் தூயவர், யார் அயலார் என்பதைப் பற்றியன.

இம்மனப்போக்கு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வெளிநாட்டவரோடு உடலுறவைத் தடைசெய்யும் சட்டம் வேண்டும் என்று 1988இல் கருத்துரைத்தவர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரே. தென்னாப்பிரிக்காவிலோ அதிபர் தாபோ இம்பெக்கி நச்சுயிரிதான் நோய்க்குக் காரணம் என்பதையே ஐயுற்றார். அதனால் மருந்து காலத்தாழ்ச்சியுற்று 3,30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் என 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

ஆட்கொல்லி என்னும் சொல்

இந்நோயைத் தமிழ் எவ்வாறு அழைத்தது என்பது கவிஞர்கள் கருதத்தக்க செய்தி. செய்தித்தாள்களும் சுவரொட்டிகளும் அதற்கு 'ஆட்கொல்லி நோய்', 'உயிர்க்கொல்லி நோய்' என்னும் அடைகளைச் சூட்டின. எச்சரிக்கும் நோக்கத்தோடு தோன்றிய சொற்களே அவை. எனினும், 'ஆட்கொல்லி' என்பது அதற்கு முன் புலிக்கு வழங்கிய சொல். ஆட்கொல்லிப் புலியை மனிதர் வேட்டையாடுவர். நோய்க்கும் நோயுற்றவர்க்கும் வேறுபாடு காணாத சமுதாயத்தில் அச்சொல் யாரை வேட்டையாட ஏவும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதே நிலத்து மக்கள் மற்றொரு கொடுநோய்க்கு இட்ட பெயர் 'அம்மை'. எய்ட்சைவிட எளிதாகப் பரவி, எண்ணற்றோரைக் கொன்றும் குருடாக்கியும் சென்ற நோய் பெரியம்மை. எனினும், அந்நோய் கண்டவரின் வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினர். நோய் இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றினர். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், சாத்தூருக்கு அருகே அமைந்த இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு இன்றும் திரளும் மக்களிடம் அந்நினைவு எஞ்சியிருக்கிறது. அப்பெயரால் தீமையும் உண்டாயிற்று. தெய்வத்தின் வருகையெனக் கருதியோர் அம்மை குத்துதலை எதிர்த்தனர். இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்ததற்குக் காரணம் தடுப்பூசியே; வேப்பிலை அன்று. ஆயினும் அம்மைச் சொல் நோயுற்றவரை வீட்டிற்குள் வைத்துக் காத்தது. ஆட்கொல்லிச் சொல் அவரை வீட்டை விட்டு வெளியேற்றியது.

சுவர்கள்

சொல்லைத் தொடர்ந்து சுவர்களும் எழுந்தன. கோவாவில் 1989இல் தொமினிக் டிசோசா என்னும் இளைஞர், தாம் கொடையாக அளித்த இரத்தத்தில் தொற்று காணப்பட்டதற்காகக் காவலரால் அழைத்துச் செல்லப்பட்டு, 64 நாள்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். சென்னையில் தொற்று கண்ட பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களை விடுவிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 1990இல் ஆணையிட வேண்டியதாயிற்று. நோய் பரவும் வழியை அடைப்பதற்கு மாறாக, நோய் கண்டவரை அடைப்பதே தடுப்பு என்று எண்ணிய காலம் அது.

மாற்றமும் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கிற்று என்பதைச் சொல்லுதல் நியாயம். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மையத்தை நிறுவி, பிறர் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் செய்தார். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல் முயற்சி. 1998இல் கௌசல்யா பெரியசாமியும் தோழியரும் தொற்றுடன் வாழும் பெண்களுக்கெனச் சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். 'எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்' என்னும் தொடர் பொது வழக்கில் நிலைபெற்றது இத்தகையோரின் முயற்சியால்தான். 'கொல்லி' இருந்த இடத்தில் 'வாழ்வோர்' வந்து நின்றதற்குரிய பெருமை புலவரைவிட நோயுற்றவர்க்கே உரியது.

2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையும் முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள கருவுற்ற பெண்களிடையே தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

மறுபுறம் மிகைக் கணிப்புகளும் இருந்தன. 2010ஆம் ஆண்டளவில் இந்தியாவில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் தொற்றுறுவர் என்று அமெரிக்க உளவுத்துறை சார்ந்த அறிக்கை 2002இல் கூறிற்று. 57 இலட்சம் என்றிருந்த மதிப்பீடு, விரிந்த கணக்கெடுப்பிற்குப் பின் 2007இல் 25 இலட்சமாகத் திருத்தப்பெற்றது. அதைக் கண்டு, 1986இல் நம்பாதவர்களே சரியாகச் சொன்னார்கள் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. எண்ணியவர்கள் தம் எண்ணைத் தாமே திருத்திக்கொண்டனர். பழித்தவர்களின் சொல்லோ அவ்வளவு எளிதில் திருந்தவில்லை.

கந்தக பூமியில்

அச்சொல்லின் எச்சம் எத்தனை ஆழத்தில் கிடந்தது என்பதை 2018இன் இறுதியில் விருதுநகர் மாவட்டம் உணர்ந்தது.

1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் வானம் பார்த்த சிவகாசி மண்ணுக்குப் புதிய வாழ்வு தந்தனர். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. ஆபத்தோடு வாழப் பழகிய நிலம் இது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இத்தகைய ஊர்களில் அரசு மருத்துவமனையும் அதன் இரத்த வங்கியும் ஏழைத் தொழிலாளர்க்கு இறுதி நம்பிக்கை.

2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இரத்தச் சோகைக்காக இரத்தம் ஏற்றினர். சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்த அவ்விரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடை இரத்தத்தைச் சோதித்தல் 1989 முதலே கட்டாயம். தொற்றுள்ளோரின் உரிமைகளைக் காக்கும் தனிச் சட்டமும் 2018 செப்டம்பர் 10 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. விதியும் இருந்தது, கருவியும் இருந்தது.

இரத்தம் அளித்த இளைஞர் 2016இலும் இரத்தக்கொடை செய்திருந்தார் என்றும், அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை என்றும் அந்நாள்களில் வெளியான விவரங்கள் கூறின. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில்தான் அவர் தம் நிலையை அறிந்தார். அறிந்தவுடன் தாமே மருத்துவமனைக்குச் சென்று, தம் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டா என்று சொன்னார். அதற்குள் அது ஏற்றப்பட்டிருந்தது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற அவர் டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்தார்.

கோவாவின் தொமினிக்கும் இரத்தக்கொடையாளரே. அவருக்குச் செய்தி காவலரோடு வந்தது; இவருக்கோ வரவேயில்லை. முப்பது ஆண்டு இடைவெளியில் கொடுமை மௌனமாக உருமாறியிருந்தது. ஏடுகளும் கருவிகளும் தவறுதல் உண்டு. ஆனால் 'உனக்கு இது இருக்கிறது. மருந்தும் இருக்கிறது' என்று ஒருவரிடம் சொல்வது ஏன் இன்னும் எளிதாகவில்லை என்பது கருவிகளைப் பற்றிய வினா அன்று. சாத்தூர் தனி நிகழ்வும் அன்று. 2016 மார்ச்சு வரையிலான 17 மாதங்களில் இரத்தம் ஏற்றியதால் தொற்றுற்றதாகத் தெரிவித்தோர் நாடெங்கும் 2,234 பேர் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த எண்ணிக்கை.

2019 சனவரியில் அப்பெண்ணுக்கு மதுரை அரசு மருத்துவமனையில் பெண்குழந்தை பிறந்தது. உரிய காலத்தில் தந்த மருந்துகளால் குழந்தைக்குத் தொற்று இல்லை எனப் பின்னர் அறியப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அத்தாய்க்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 1986இல் நிர்மலாவின் பெட்டி தொடங்கி வைத்த அறிவு, ஒரு குழந்தையைக் காத்தது. அவ்வாண்டிலேயே தொடங்கிய இழிசொல், ஓர் இளைஞரை இழக்கச் செய்தது.

முதலில் எண்ணப்பட வேண்டியவர்

2020இல் கொரோனா வந்தபோதும் இதே வினா மீண்டும் எழுந்தது. நோய் எந்த நாட்டுடையது, எந்தக் கூட்டத்தாருடையது என்னும் பேச்சே முந்திற்று. நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து அத்தொற்றால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவும் விடாமல் 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. எய்ட்ஸ் வரலாற்றைப் படித்திருந்தால் வியப்பதற்கு அதில் ஏதுமில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராயச் சொல்கிறது. நோயாளியின் குலம், ஒழுக்கம், ஊர் ஆகியவற்றை ஆராயச் சொல்லவில்லை. அவ்வதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை வகுக்கும் வள்ளுவர், நோயுற்றவரையே முதற்கண் எண்ணுகிறார். மருத்துவரும் மருந்தும் அருகிருந்து பேணுபவரும் அவர்க்குப் பின்னரே வருகின்றனர். 1986இன் விவாதத்தில் அந்த ஆறு பெண்களின் குரல் எங்கும் கேட்கவில்லை. அவர்களைப் பற்றி எல்லோரும் பேசினர்.

அடுத்த கொள்ளைநோய்க்கும் தமிழ் ஒரு பெயர் சூட்டத்தான் போகிறது. அப்பெயரை முதலில் எழுதுவோர் கவிஞராகவும் இருக்கலாம். கண்டறிந்ததைச் சொல்லும் வலிமையும், கண்டவரைக் காக்கும் அருளும் அதில் ஒருங்கே அமைதல் வேண்டும். இந்நோய் யாருடையது என்று நாடு முப்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. பிறர் உயிரைக் காக்க வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தோடு, கேட்பார் யாருமில்லாமலே மருத்துவமனை வாயிலுக்குச் சென்று, 'என்னுடையது' என்று விடை சொன்னவர் அந்த இளைஞர் ஒருவரே.