கம்பியில் கோத்த கார்டுகள்

1869-ல் ஆஸ்திரியாவில் பிறந்த தபால் கார்டு, 1879 ஜூலை 1-ம் தேதி காலணா விலையில் நம் நாட்டுக்கு வந்தது. ஊத்துக்குளியில் நம் வீடுகளில் அதற்குப் பெட்டகம், சுவரில் தொங்கிய வளைந்த கம்பியே. வெண்ணெய் விலை, மழைச் செய்தி, பிள்ளைப்பேறு எல்லாம் அதில் கோத்துக் கிடந்தன. "இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்பதற்கே பாதிக் கார்டு போய்விடும், போகட்டும்.

கம்பியில் ஏறாதது ஒன்றுண்டு. சாவுச் செய்தி சுமந்த கார்டை வாசித்தவுடன் கிழித்துவிடுவது வழக்கமாயிருந்தது. அதனால் பாட்டனாரின் திருமணத் தேதி தெரிந்த குடும்பங்களிலும் அவர் மறைந்த தேதி தெரிவதில்லை. ஆண்டுப் பூசைக்கு எழுதிக் கொடுக்கத் தடுமாறுகிறோம்.

எஞ்சியவற்றையும் கம்பியின் துரு தின்கிறது. மெல்ல உருவி, குண்டூசிகளை நீக்கிவிடுவோம். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் பசை பழுப்பேறிக் கறையாகும். லாமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே இயலாது. மரக்கூழ்க் காகிதம் வெளிச்சத்தில் மஞ்சளித்து நொறுங்கும். அமிலமற்ற காகித உறையிலிட்டு, ஈரமற்ற இருண்ட அலமாரியில் வைப்பதே நலம். ஓட்டு வீட்டுப் பரண் ஆகாது. தபால் முத்திரை பதிந்த மூலையை யாரும் வெட்ட வேண்டாம்; எழுதியவர் தேதி போட மறந்திருந்தால் ஊரும் நாளும் அங்கேதான் உண்டு.

"பெரியம்மாவுக்கு" என்று மட்டும் தொடங்கும் கார்டுகள் நம்மிடம் பல. யாருடைய பெரியம்மா என்று சொல்ல வீட்டில் மூத்தவர் இருக்கையிலேயே, தனித் தாளில் பென்சிலால் எழுதி உறையில் சேர்த்துவிடுவோம்.