வெள்ளைத் துணியில் ஒரு வானம்: ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா

ஒரு தெர்மாகோல் அட்டையில் இருந்து இன்றைக்கு ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு வீட்டில் நடந்த ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பெரிய விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அதன் முகம் நடிகையின் பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம் இருந்தது. அங்கே ஒரு பையன் வெள்ளைத் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நடிகையின் முகத்தில் விழுந்தது. "நேரா அடிச்சா மூஞ்சி வெந்துடும் சார்" என்றார் பக்கத்தில் இருந்த லைட்மேன். எல்லா ஷூட்டிங்கிலும் நடக்கிற சாதாரண வேலை இது. ஆனால் நம் நாட்டில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்த ஆளின் கதை சாதாரணமானது இல்லை.

கல்கத்தா, 1949. ழான் ரெனுவார் என்ற பிரெஞ்சு இயக்குநர் 'த ரிவர்' படம் எடுக்க வங்காளத்துக்கு வருகிறார். கேமரா அவருடைய உறவினர் க்ளோத் ரெனுவார். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் உதவியாளர் வேலை கேட்டுப் போகிறான், கிடைக்கவில்லை. அப்புறம் அவன் அப்பாவே அவனை ரெனுவாரிடம் அழைத்துப் போய்ப் பேசியதில், 'சும்மா நின்று பார்க்கலாம்' என்று அனுமதி கிடைக்கிறது. அந்தப் பையன்தான் 1930இல் பிறந்த சுப்ரதா மித்ரா.

சும்மா நின்று பார்ப்பது என்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? நடிகர்களைப் பார்ப்போம். இவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கு எங்கே இருந்தது, கேமரா எப்படி நகர்ந்தது, ஆட்கள் எங்கே நடந்தார்கள் என்று படம் வரைந்தார். ஒருநாள் ஒரு ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தபோது, முன்னே வைத்த விளக்கு அமைப்பைச் சரிபார்க்க க்ளோத் ரெனுவாரே இந்தப் பையனின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். அதே ஷூட்டிங்கிற்கு, நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்துபோன விளம்பரக் கம்பெனி ஊழியர் ஒருவரும் உண்டு. அவர் சத்யஜித் ரே. கலை இயக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் பன்சி சந்திரகுப்தா. 'பதேர் பாஞ்சாலி'யின் ஆட்கள் இப்படித்தான் ஒன்று சேர்ந்தார்கள்.

(இதைப் படிக்கும்போது எனக்கு பாலு மகேந்திரா ஞாபகம்தான் வந்தது. இலங்கையில் பள்ளிக்கூடப் பையனாக டேவிட் லீன் படம் எடுப்பதைப் பார்த்தவர் அவர். எங்கிருந்தோ வந்த ஒரு யூனிட் உள்ளூர்ப் பையன் ஒருவனைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போய்விடுகிறது.)

1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி' தொடங்கியபோது மித்ராவுக்கு 22 வயது. அதற்கு முன் அவர் சினிமா கேமராவைத் தொட்டதே இல்லை. ரேயும் அதுவரை படம் இயக்கியது இல்லை. அந்தப் படத்தின் பணக்கஷ்டம், படம் நின்று நின்று வளர்ந்த கதை எல்லாம் நீங்கள் கேட்டிருப்பீர்கள், அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மிட்டாய்க்காரர் பின்னால் குழந்தைகள் போகிற காட்சி இருக்கிறதே, அதில் கேட்கும் சிதார் ரவிசங்கர் வாசித்தது இல்லை. ஒளிப்பதிவாளர் மித்ரா வாசித்தது!

சரி, இப்போது அந்தத் துணிக்கு வருவோம்.

அடுத்த படம் 'அபராஜிதோ', 1956. கதை காசியில் நடக்கிறது. நடுவில் முற்றம், சுற்றி மாடி என்று காசியின் பழைய வீடு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்த வெளிச்சம் தெரியும். வெயில் நேராக உள்ளே விழாத நேரத்தில் முற்றத்தில் நின்று பாருங்கள். வெளிச்சம் இருக்கும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று கைகாட்ட முடியாது. தரையில் நிழலே இருக்காது. வானம் முழுவதும் ஒரே விளக்காக மேலே நிற்கிறது.

இந்த முற்றத்தைத் திறந்த வெளியில் செட் போடுவதாகத்தான் முதல் திட்டம். மழைக்குப் பயந்து பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோனார். மித்ரா சண்டை போட்டார். ஸ்டூடியோ விளக்கில் வானத்து வெளிச்சம் வராது, நிழல் விழும், காசியில் எடுத்த காட்சிகளோடு ஒட்டாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அன்றைய ஸ்டூடியோவில் விளக்கை மேலே சாரத்தில் கட்டி நேராக முகத்தில் அடிப்பார்கள், ஒரு ஆளுக்கு மூன்று நிழல் விழும். ஆனால் ரேயும் பன்சியும் அசையவில்லை.

தோற்றுப்போனவர் என்ன செய்தார்? செட்டுக்கு மேலே, வானம் தெரிய வேண்டிய இடத்தில், சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து மேல்நோக்கித் திருப்பினார். வெளிச்சம் துணியில் பட்டு, சிதறி, முற்றத்துக்குள் இறங்கியது. அவ்வளவுதான். படத்தைப் பார்ப்பவருக்கு எது காசி, எது ஸ்டூடியோ என்று தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்து 'அமெரிக்கன் சினிமட்டோகிராஃபர்' பத்திரிகையில், பெர்க்மன் படத்துக்காக ஸ்வென் நிக்விஸ்ட் இதுபோலச் செய்ததைப் புதுமை என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் இதை எப்போதோ செய்துவிட்டோமே என்று ரே பிறகு சொன்னார். 'உலகத்திலேயே முதல்முறை' என்ற பட்டத்துக்கு வேறு சிலரும் வரிசையில் நிற்கக்கூடும், அந்தச் சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நிக்விஸ்ட் எங்கிருந்தோ பார்த்துச் செய்யவில்லை, மித்ராவும் அப்படித்தான். ஆனால் ஒருவர் செய்தது உடனே பத்திரிகையில் வந்தது, இன்னொருவர் செய்தது ஒரு இயக்குநர் எடுத்துச் சொன்னதால் வெளியே தெரிந்தது. இது எனக்கு உறுத்துகிறது.

'சாருலதா' (1964), ரயில் பெட்டியையே ஸ்டூடியோவில் கட்டி எடுத்த 'நாயக்' (1966) என்று இருவரும் சேர்ந்து போனார்கள். நடுவில் மித்ராவுக்குக் கண்ணில் கோளாறு வந்து, 'தீன் கன்யா'வை உதவியாளர் சௌமேந்து ராய் எடுத்தார். 'சாருலதா'விலிருந்து கேமராவை ரே தானே இயக்கத் தொடங்கினார். கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருப்பவர் யார் என்பது வெளியே நிற்கிற நமக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு ஒளிப்பதிவாளருக்கு அப்படி இல்லை. 'நாயக்'கோடு கூட்டணி முடிந்தது. ரேயின் படங்கள் சௌமேந்து ராயிடம் போயின.

மித்ராவுக்கு அப்போது வயது 36தான். பம்பாயில் ராஜ் கபூர், வஹீதா ரஹ்மான் நடித்த 'தீஸ்ரீ கசம்' எடுத்தார். ஐவரி, மெர்ச்சன்ட் கூட்டணிக்கு 'ஷேக்ஸ்பியர் வாலா' உட்பட நான்கு படங்கள் எடுத்தார். 1970க்குப் பிறகு பட்டியல் சட்டென்று மெலிந்துவிடுகிறது. நினைத்தபடி ஒளி அமைய எவ்வளவு நேரம் ஆனாலும் விடமாட்டார் என்ற பெயர் அவருக்கு இருந்தது. தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கிற பெயரா அது? 1980களின் நடுவில் 'நியூ டெல்லி டைம்ஸ்' எடுத்தார், தேசிய விருது வந்தது. அதன் பிறகும் கதவுகள் திறக்கவில்லை. பிடிவாதக்காரர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் துணியும் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

1997இலிருந்து கல்கத்தாவில் ஒரு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்தார். அதன் பெயர் சத்யஜித் ரே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம். தலைவாசலில் பழைய கூட்டாளியின் பெயர், உள்ளே வகுப்பில் இவர். 2001 டிசம்பரில் இறந்தார்.

1993இல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்தபோது அபு படங்களின் நெகட்டிவ்கள் கருகிப்போயின. மிச்சமிருந்ததை இத்தாலியில் பொலோன்யாவில் வைத்து அங்குலம் அங்குலமாகச் சரிசெய்து, 2015இல் மூன்று படங்களையும் மறுபடி வெளியிட்டார்கள். அந்தப் பிரதியில் 'அபராஜிதோ' கிடைத்தால் பாருங்கள். காசி வீட்டுக் காட்சி வரும்போது ஒரு நிமிஷம் நடிகர்களை விட்டுவிட்டு, முற்றத்தின் தரையைப் பாருங்கள். நிழல் தெரிகிறதா என்று எனக்கு எழுதுங்க. நான் மூன்று தடவை தேடிவிட்டேன்.