தொல்தமிழ்ப் பண்ணிசை மீட்டுருவாக்கம்

ஏட்டில் சொல் மட்டும் எஞ்சி, இசை தேய்ந்தோ அற்றோ போன பழந்தமிழ்ப் பாடல்களை மீண்டும் மேடையில் பாடும்படி ஆக்கும் முயற்சி. பரிபாடல், சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகள், தேவாரம் ஆகியவை இதன் முதன்மைக் களங்கள். இவற்றுள் பரிபாடலுக்கும் தேவாரத்துக்கும் 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

பரிபாடல் எழுபது என்பது மரபு. முழுமையாகக் கிடைத்தவை 22. உ.வே.சாமிநாதையர் 1918-இல் அச்சிட்ட இந்நூலில், பெரும்பாலான பாடல்களின் அடியில் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறிக்கப்பட்டுள்ளன. கண்ணனாகனார், பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலியோர் இசை வகுத்தவர்கள். 2 முதல் 12 வரையிலான பாடல்கள் பாலையாழ். 13 முதல் 17 வரை நோதிறம். 18 முதல் 21 வரை காந்தாரம். சங்கத் தொகை நூல்களில் இசையமைப்பாளரின் பெயரை இவ்வளவு அக்கறையோடு காத்து வைத்தது வேறில்லை. பிரான்சுவா குரோ இதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, 1968-இல் புதுச்சேரியிலிருந்து நூல் வெளிவந்தது. ஆனால் பண்ணின் பெயர் தெரிவது வேறு, அதன் சுரம் தெரிவது வேறு.

சுரத்தைத் தேடியவர்கள் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையையும் பற்றிக்கொண்டனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டார். ஈழத்தவரான விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பழைய சுர அடுக்குகளான பாலைகளுள் செம்பாலை இன்றைய அரிகாம்போதி. அதன் ஒவ்வொரு சுரத்தையும் முறையே குரலாக, அதாவது ஆதார சுரமாகக் கொண்டால் நடபைரவி, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி முதலிய மற்றப் பாலைகள் பிறக்கும். செம்பாலையைச் சங்கராபரணமாகக் கொண்டோரும் உண்டு, அக்கணக்கு நிலைக்கவில்லை.

தேவாரத்தின் நிலை இன்னும் சுவையானது, ஏனெனில் அதைப் பாடுவது ஒருபோதும் முற்றாக நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் 48 பேரை அமர்த்தினான். உடன் உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். கூலியை, வாத்தியத்தை, ஆளின் பெயரைக்கூட வெட்டிவைத்த கல், மெட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் சிதம்பரத்தில் செல்லரித்த ஏடுகள் கிடைத்தபோதே இசை மறந்துபோயிருந்தது என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்தார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்லும். நமக்குத் தெரிந்த முதல் மீட்டுருவாக்கம் இதுதான். செய்தவள் பெயர் மட்டும் இல்லை.

அந்த யாழ்ப்பாணரின் புகழ்பெற்ற நிகழ்ச்சி இன்றைய புதுச்சேரி மாநிலத்துக்குள், காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் நடந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை, பாணர் யாழை உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். அப்பதிகத்தின் பண்ணுக்கு யாழ்முரி என்று பெயர். இன்று அதை அடாணாவில் பாடுகிறார்கள். யாழுக்கே எட்டாத பாட்டு என்று போற்றப்பட்டது, வயலின்காரர் எவரும் சிரமமின்றி வாசிக்கும் இராகத்தில் வந்து அமர்ந்திருக்கிறது!

பண்ணுக்கு இராகம் காட்டும் பட்டியல், கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்களின் வாய்வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 1943-இல் தோன்றிய சென்னைத் தமிழிசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் அதை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தின. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி, கௌசிகம் பைரவி, செந்துருத்தி மத்தியமாவதி, புறநீர்மை பூபாளம். இவை காதுக்கு இணங்குகின்றன. ஆனால் கொல்லி, கொல்லிக்கௌவாணம், காந்தாரம், பியந்தைக்காந்தாரம் நான்கும் நவரோசு; தக்கராகமும் தக்கேசியும் காம்போதி. நால்வேறு பண்களுக்கு நால்வேறு பெயர் வைத்தவர்கள் ஒரே இசையைப் பாடியிருக்க மாட்டார்கள். எங்கோ ஒரு தலைமுறையில் மூன்று கரைந்திருக்க வேண்டும். பரிபாடலின் காந்தாரத்தையும் நவரோசிலேயே பாடிவிடலாம் என்று துணிவது இதனால்தான் தகாது.

பாடும் முறையில் பழமை கூடுதலாகத் தங்கியிருக்கிறது. தாளமின்றிப் பாடுவது சுத்தாங்கம், தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். அப்பரின் திருத்தாண்டகத்தை ஓதுவார்கள் தாளமில்லாமல், பெரும்பாலும் அரிகாம்போதியில் ஓதுகிறார்கள்.

இதே சிக்கல் வடக்கு ஐரோப்பாவிலும் உண்டு. ஐஸ்லாந்தின் எட்டா பாடல்கள் 13-ஆம் நூற்றாண்டு ஏட்டில் சுரக்குறிப்பின்றிக் கிடைத்தன. 1977-இல் தொடங்கிய செக்வென்சியா இசைக்குழுவின் பெஞ்சமின் பாக்பி, ஐஸ்லாந்தின் ரீமூர் என்னும் நாட்டார் பாடல் மரபிலிருந்து இசைச் சாயல்களை எடுத்து, யாழை ஒத்த லைர் கருவியோடு அவற்றைப் பாடினார். அவருக்குப் பண்ணின் பெயரும் இல்லை, ஓதுவாரும் இல்லை.

புதுச்சேரியின் பங்கு பெரிதும் பாடத்தைச் செம்மையாக்கியதுதான். தி.வே.கோபாலையரும் குரோவும் பதிப்பித்த தேவாரம் 1984, 1985-இல் இரு தொகுதிகளாக வந்தது. 1991-இல் கோபாலையரின் ஆய்வுத் தொகுதி சேர்ந்தது. 2007-இல் ழான்-லுக் செவியாரும் எஸ்.ஏ.எஸ்.சர்மாவும் அதைக் குறுந்தகடாக்கினர். அதில் வி.மு.சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரை, தல வரைபடங்கள், சொல்லடைவு ஆகியவற்றோடு ஒலிப்பதிவுகளும் உள்ளன. பாடத்தைப் படித்துக்கொண்டே பாட்டைக் கேட்கலாம் என்பது மாணவர்களுக்குப் பெரிய வசதி.

அண்மைக் காலத்தில் சென்னையைச் சேர்ந்த தருண் சேகர் யாழைப் புதிதாகச் செய்து மேடையில் வாசித்து வருகிறார்.