கொல்லிமலைச் சாமையும் சேலத்துச் சவ்வரிசியும்

நம்மவர் இல்லத்து மணவிருந்துகளிற் சவ்வரிசிப் பாயசம் இல்லாத பந்தி அரிது. அரிசி என்னும் பெயர் பூண்டிருப்பினும் அஃது எக்கதிரிலும் விளைந்ததன்று. அது நம் இலைக்கு வந்த வரலாற்றையும், அதன் பொருட்டு ஒரு மலையின் மண் மாறிய வகையையும் ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்துச் சவ்வரிசி, மலேயா முதலிய கீழ்த்திசை நாடுகளில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலுள்ள மாவினாற் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது. 1942-இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைப்படவே அவ்வரவு நின்றது. அப்போர்க் காலத்திற் சேலத்து வணிகர் மரவள்ளி மாவைத் திரட்டி, அதனையொத்த மணிகளைச் செய்யத் தலைப்பட்டனர். மரவள்ளியும் நம் நாட்டுப் பயிரன்று, தென்னமெரிக்காவிற் பிறந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனைத் தம் நாட்டிற் பெரிதும் பரப்பினார். போர் முடிந்த பின்னரும் சேலத்துத் தொழில் ஓயவில்லை. மராட்டிய நாட்டார் நோன்பு நாளில் உண்ணும் கிச்சடிக்கும் அம்மணிகளே வேண்டப்பட்டன. 1981-இல் ஆலையுடையோர் கூட்டுறவுச் சங்கம் நிறுவினர்; 2023-இற் சேலத்துச் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

இத்துணை ஆலைகளுக்கும் வேண்டிய கிழங்கு எங்கிருந்து வரும்? சமவெளியிலிருந்து மட்டுமன்றிக் கொல்லிமலையிலிருந்தும் வருகின்றது.

கொல்லிமலை வல்வில் ஓரி ஆண்ட நாடு. அவன் வில்லாண்மையை மாணவர்க்கு ஓதும்போது, அம்மலையின் விளைவையும் உடன் கூறுவது நம் வழக்கம். சாமையும் கேழ்வரகும் தினையும் அங்குள்ளார்க்கு நெடுங்காலம் உணவாயிருந்தன. சாமையில் மட்டும் பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை எனப் பல வகைகள் உள. மழையொன்றையே நம்பி விளைவது சாமை. அடர்ந்து வளர்ந்து மண்ணைப் போர்த்துக் காப்பது. மரவள்ளியோ ஏறத்தாழப் பத்துத் திங்கட் பயிர். இடைவெளி விட்டு நடப்படுதலின் தொடக்கத்தில் நிலம் வெறுமையாய்க் கிடக்கும். கிழங்கு அகழும்போது மண் பொலபொலவென்று உதிரும். சரிவிலே பெய்யும் மழை அம்மண்ணை வாரிக்கொண்டு போகின்றது. ஆண்டுதோறும் ஒரே கொல்லையில் அதனையே நட்டால் உரமும் குன்றுகின்றது. கீழே ஆலைகளில் மாவைக் கழுவ மிகுந்த நீர் செலவாகின்றது. கழுவிய நீரைத் தூய்மை செய்யாது விட்டால் ஓடையும் கிணறும் நாறும்.

இதனைக் கண்டு மலைமக்களைக் குறை கூறுவார் உளர். அது முறையன்று. சாமையின் உமி நீக்குதல் எளிய தொழிலோ? கொல்லையில் உழைத்து வந்த பெண்டிர் மீண்டும் உலக்கை பிடித்து நெடுநேரம் குற்றினாலன்றி உலையேறாது. கிழங்கோ அகழ்ந்தவுடன் காசாகும். நியாயவிலைக் கடையில் 2008-இற் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் அரிசி கிடைக்கலாயிற்று. கிழங்கை விற்று அரிசி உண்பதே அவர்க்குத் தக்க கணக்காயிற்று. சென்னையிலுள்ள சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதனை உணர்ந்து, ஊர்களிலே உமி நீக்கும் பொறிகளை அமைத்து, சாமைக்கு விலையும் தேடினர். உலக்கையின் பாரம் நீங்கிய இடங்களிற் சாமை விதைப்பார்க்கு ஒரு வழி பிறந்தது.

ஆயினும் வாங்குவார் இல்லையேல் விதைப்பார் எத்தனை நாள் விதைப்பர்? வரகும் சாமையும் வறியார் உணவென்று பந்தியில் வைக்க நாணும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் உண்டு. சாமையைப் பாலில் வேகவிட்டு வெல்லமும் ஏலமும் கூட்டினால் நல்ல பாயசமாகும்; நம் இல்லத்தில் இருமுறை செய்து பார்த்தோம், சிறுவர் மறுமுறையும் கேட்டு வாங்கினர். நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாப் பந்திக்குச் சவ்வரிசிக்கு மாறாகக் கொல்லிமலைச் சாமையை வாங்குவது குறித்துச் செயற்குழுவினர் ஆராயுமாறு வேண்டுகின்றோம்.