வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம்

ஹைதராபாத்துக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பக்கத்துக் கடல் என்றால் மசூலிப்பட்டினம். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஆனாலும் 2003ல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததிலிருந்து நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹாலில் ஒரு கடல் தொட்டி வேண்டும், அதில் பவளமும் வேண்டும். பொட்டி தட்டும் அப்பாக்களுக்கு உடனே தோன்றும் கேள்வி: எந்த லைட்டு வாங்கலாம்?

இந்தக் கேள்விக்கு அறுபது வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. ஒரே வரியில் சொன்னால், சூரியனை வீட்டுக்குள் அழைத்து, அதன் சூட்டை மட்டும் வாசலில் நிறுத்தப் பார்த்த கதை.

முதலில், பவளத்துக்கு எதற்கு லைட்டு? பவளம் செடி இல்லீங்க, பிராணி. ஆனால் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, சமைத்ததில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. தாமஸ் கோரோ என்ற விஞ்ஞானி ஜமைக்காவில் கதிரியக்கக் கால்சியத்தை வைத்துச் சோதனை செய்து 1959ல் எழுதினார்: இருட்டில் இருப்பதைவிட வெளிச்சத்தில் பவளம் வேகமாகச் சுண்ணாம்பு கட்டுகிறது. ஆக, வெளிச்சம் அதற்கு அலங்காரம் இல்லை, சோறு.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. உலகப் பவளப்பாறை விஞ்ஞானிகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை கூடும் சர்வதேச மாநாட்டு வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது, 1969 ஜனவரியில் நம்ம மண்டபம் கேம்ப்பில் நடந்தது. ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது சும்மா தாண்டிப் போகிறோமே, அதே மண்டபம்தான்!

சரி, தொட்டிக்கு வருவோம்.

முதல் விளக்கு சூரியனேதான். இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி, நல்ல பகல் வெளிச்சம், இவ்வளவை வைத்தே பவளம் வளர்த்தார். 1961ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் அதை எழுதவும் செய்தார். படித்த வெள்ளைக்காரர்கள் ஆசையாக முயன்றார்கள். ஜகார்த்தா வெயில் ஐரோப்பாவின் டிசம்பரில் எங்கே கிடைக்கும்? பலருக்குப் பவளம் தங்கவில்லை.

அடுத்தது டியூப்லைட். நாம் படித்து வளர்ந்த அதே சோக்கும் ஸ்டார்ட்டரும்தான். குழலின் பருமனை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக எண்ணுவது வழக்கம். பழைய தடிக் குழல் டி12, அதாவது ஒன்றரை அங்குலம். சூடு குறைவு, விலையும் குறைவு. ஆனால் வெளிச்சம் பரவிப் போய்விடும், ஆழத்தில் இறங்காது. சதைப்பற்றுள்ள மென்பவளங்கள் சமாளித்தன. கிளைவிடும் கல்பவளங்கள் சோர்ந்துபோயின.

மூன்றாவது வந்தது மெட்டல் ஹாலைடு. 1960களில் தெருவுக்கும் ஸ்டேடியத்துக்கும் தொழிற்சாலைக்கும் வந்த விளக்கு. அதை 1980களில் ஜெர்மானியர்கள், முக்கியமாக பெர்லின் ஆர்வலர்கள், தொட்டிக்கு மேலே தொங்கவிட்டார்கள். அங்கேதான் கல்பவளம் தொட்டிக்குள் உண்மையாக வளர ஆரம்பித்தது. வெட்டிய துண்டுகளை நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். நம்மூரில் ரோஜாப் பதியன் கொடுப்பது மாதிரி. ஒரே புள்ளியிலிருந்து வருவதால், வெயில் தண்ணீரில் நெளிவது போன்ற அழகு வேறு. ஆனால் அகச்சிவப்புச் சூடு நேராகத் தண்ணீரில் இறங்கும். தொட்டி 24லிருந்து 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். லைட்டு வாங்கியவர் பின்னாலேயே சில்லரும் வாங்க வேண்டிவந்தது. விளக்குக்குக் கரண்ட், விளக்கின் சூட்டைத் தணிக்கவும் கரண்ட்!

நான்காவது, 1990களில் வந்த டி5. விரல் பருமன்தான், நாலடிக் குழல் 54 வாட். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனி பிரதிபலிப்பான் வைத்தால் தொட்டி முழுக்க நிழலில்லாத சீரான வெளிச்சம். குறை என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாமலே மங்கிக்கொண்டு வரும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளே பாதரசம் உண்டு. அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுப் பயன்பாட்டு டி5 குழல்களைச் சந்தையில் இறக்குவது 2023 ஆகஸ்டோடு நின்றது. இனி அதை நம்பிப் புதிதாகத் தொடங்குவது சரியாக வராது.

ஐந்தாவது எல்இடி. தண்ணீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டருக்குள் விழுங்கிவிடும். நீலம்தான் ஆழத்துக்குப் போகும். பவளத்துப் பாசிகள் பழகியிருப்பதும் அந்த நீலத்துக்கே. ஆனால் பிரகாசமான நீல எல்இடி 1993 வரைக்கும் உலகத்தில் கிடையாது. அந்த வருஷம் ஜப்பானின் நிச்சியா கம்பெனி, ஷூஜி நாகமுரா உருவாக்கியதை வெளியிட்டது. 2014ல் அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. எல்இடியிலும் சூடு உண்டு. ஆனால் அது விளக்கின் முதுகு வழியாகக் காற்றில் போகிறது, கீழே தண்ணீரில் விழுவது கிட்டத்தட்ட வெளிச்சம் மட்டுமே. வாசலில் சூட்டை நிறுத்துகிற வேலையை ஒருவழியாக முடித்தது இதுதான்.

கணக்கும் பார்த்துவிடுவோம். நாலடித் தொட்டி, தினம் 8 மணி நேரம். 250 வாட் ஹாலைடு இரண்டு என்றால் 4 யூனிட், சில்லர் தனி. ஆறு டி5 குழல் என்றால் 2.6 யூனிட். மொத்தம் 200 வாட் எல்இடி என்றால் 1.6 யூனிட். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஹைதராபாத்தில் எது தேறும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: வாட்டையோ லக்ஸையோ பார்த்து வாங்கக் கூடாது. லக்ஸ் மனுஷக் கண்ணுக்கான அளவு. பாசிக்கு வேண்டியது 'பார்' என்ற அளவு. மென்பவளத்துக்கு 50 முதல் 150, கிளைப்பவளத்துக்கு 250க்கு மேல் என்பது பொதுக்கணக்கு. புது எல்இடியை முதல் நாளே முழுசாகத் திறந்துவிட்டால் பவளம் வெளுத்துவிடும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

கடைக்கு ஓடுவதற்கு முன் இதையும் கேளுங்கள். 2001ல் நம் அரசு எல்லாக் கல்பவளங்களையும், கூடவே கடல் விசிறி, கருப்புப் பவளம் போன்றவற்றையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கிற அதே அட்டவணை. காரணம் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் மூழ்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. "இது ஃபாரின் சரக்கு சார்" என்று கடைக்காரர் சொன்னால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியிலேயே வளர்த்த துண்டு முறையாகக் கிடைக்கும் நாடுகளில் இருக்கும் சொந்தங்களுக்கு மேலே சொன்ன கணக்கு உதவும். இங்கே இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி: நீமோ மீனுக்குப் பவளமும் வேண்டாம், இத்தனை லைட்டும் வேண்டாம். சாதாரண எல்இடி போதும்.

இன்னொரு விஷயம். குகட்பள்ளியைத் தாண்டி பிரகதி நகர் பக்கம் இன்காய்ஸ் என்ற மத்திய அரசுக் கடல் தகவல் மையம் இருக்கிறது, 1999ல் தொடங்கியது. செயற்கைக்கோள் காட்டும் கடல் சூட்டைப் பார்த்து அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு, கட்ச், மன்னார் வளைகுடா ஆகிய ஐந்து இடங்களின் பவளங்களுக்கு வெளுப்பு எச்சரிக்கை கொடுக்கிறார்கள். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2016 மூன்று வருஷமும் மன்னாரில் அது நடந்தது. 2024ல் லட்சத்தீவில்.

வீட்டுத் தொட்டியில் வெளிச்சத்தையும் சூட்டையும் பிரிக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது, ஒரு நோபல் பரிசும் செலவானது. கடலுக்கு மேலே தொங்குவது ஒரே விளக்கு. அதை மாற்ற முடியாது, கடலுக்குச் சில்லரும் கிடையாது. பிள்ளைகள் பவளம் கேட்டால், அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது மண்டபம் வரைக்கும் ஒரு நடை கூட்டிப் போங்கள். கடைக்காரர் காட்டுவதைவிட அங்கே கடல் காட்டுவது அதிகம்.