ஓடையின் பெயரை யாரிடம் கேட்பது?

ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில், டீ ஆறு பிறக்கும் மலைகளில் கிரேதி–பிரேமார் என்றொரு கிராமப் பங்கு இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் குடும்பம் 1852இல் வாங்கிய பல்மோரல் மாளிகை இங்கேதான். மாளிகையின் கதை பலருக்கும் தெரியும். நாங்கள் கதைக்க வந்தது அந்தப் பங்கின் ஓடைகளையும் பள்ளத்தாக்குகளையும் பற்றி.

அங்கே முன்பு எல்லாரும் பேசியது கேலிக் மொழி. 'க்ளென்' என்றால் பள்ளத்தாக்கு, 'அல்ட்' என்றால் ஓடை. 'க்ளென் லூயி' என்றால் கன்றுக்குட்டிப் பள்ளத்தாக்கு. பெயரிலேயே மாடு மேய்த்த சனத்தின் வாழ்க்கை இருக்கு, பாருங்கள். ஆனால் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இன்று அங்கே மிஞ்சியிருப்பது மான்களும் இடிந்த சுவர்களும்தான்.

அரச நில அளவைக்காரர்கள் 1860களில் அந்த மாவட்டத்துக்கு வந்தார்கள். பங்கு பங்காகப் 'பெயர் ஏடுகள்' எழுதினார்கள். ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் அதை எழுதும் விதங்கள், மூன்றாவதில் சாட்சி: அதாவது, இதைச் சொன்னது யார்? இந்த மூன்றாவது பத்திதான் எங்களை நிறுத்தியது. நிலச் சொந்தக்காரர், மதகுரு, ஆசிரியர் போன்றோர் சொன்னால் நம்பலாம். சின்ன விவசாயிகளையும் குடிசைவாசிகளையும், அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட நம்ப வேண்டாம் என்று அளவைத் துறையின் அறிவுறுத்தல் ஒன்று சொன்னது. ஓடையில் தினமும் தண்ணீர் அள்ளுபவருக்கு அதன் பெயர் தெரியாதாம்!

நூறு வருடம் கழித்து இதைத் திருப்பிப் போட்டவர்கள் அடம் வொட்சனும் எலிசபெத் அலனும். வொட்சன் மலைப் பறவைகளை ஆய்ந்த விஞ்ஞானி. வரைபடத்தில் உள்ளதோடு நிற்காமல் ஊர் முதியவர்களிடம் போய், அவர்கள் உச்சரித்தபடியே பெயர்களைக் கேட்டு எழுதினார்கள். நூல் 1984இல் வந்தது. அந்தப் பகுதிக் கேலிக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் இறந்ததும் அதே வருடம்தான். கொஞ்சம் பிந்தியிருந்தால், கேட்க ஆளே இருந்திருக்காது.

இந்தக் கதைக்கும் நமக்கும் என்ன தொடர்பு? பிரேமாரிலிருந்து தெற்கே நடந்தால் க்ளென் டில்ட் வரும். மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்துக்கும் அதே பெயர்தான். ஸ்கொட்டிஷ் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கப்பலில் கொண்டுவந்து நம் மலைகளில் நட்டார்கள். அங்கே ஏழைகள் வாயில் அழிந்துகொண்டிருந்த ஒரு சொல், இங்கே துரைமாரின் சொல்லாகிப் பெயர்ப்பலகையில் ஏறியது.

ஆனாலும் வேலைசெய்த சனம் தோட்டங்களுக்குத் தமிழில் தங்கள் பெயர்களை வைத்தது. அவற்றில் பல அன்றைய தோட்ட விபரக் கையேடுகளில் அச்சாகியும் இருக்கின்றன. தோட்டத்தின் பெயராவது அச்சேறியது. பீலிக்கரைக்கும், லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கும், நம்பர் மலைக்கும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர்களை எழுதியது யார்?

இதற்குப் பெரிய ஆய்வு நிதி ஒன்றும் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு ஃபோன், அம்மாச்சியோடு ஒரு பின்னேரம் போதும். பெயரை அவர் சொல்லும்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மூன்றாவது பத்தியில், சாட்சி என்ற இடத்தில், அவருடைய பெயரைப் போடுங்கள்.