அலைக்குப் பின் வந்த மின்சாரப் பேச்சு: தீவுகளில் தலைவர்களின் வருகையும் காற்றாற்றலும்

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரின் நகர எல்லை தாண்டியதும் காரச்சர்மா, புரோத்ராபூர், சிப்பிகாட் என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் இந்தக் கரை ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் ஏறிய கடல்நீர் வடியவில்லை. நெல் விளைந்த நிலம் உப்பங்கழியாகிப் போனது.

அதே நாளில், நகருக்கு எதிர்க்கரையான பம்பூ ஃபிளாட்டில் இருந்த 20 மெகாவாட் டீசல் மின்நிலையத்திலும் சுனாமியில் கடல் புகுந்தது. தீவுகளின் மீட்சி வரலாற்றை எழுதுவோர் இந்தச் செய்தியைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது மையமாகத் தெரிகிறது. எண்ணெய் கப்பலில் வருகிறது. அது இறங்கத் துறை வேண்டும். அதை எரிக்கும் நிலையமோ கரையோரம். ஒரே அலை மூன்றையும் தொடுகிறது. மின்சாரத்தைப் பேரிடர்க் காப்பின் பகுதியாகப் பார்க்க அன்றே காரணம் இருந்தது.

2005 சனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் தீவுகளுக்கு வந்தார். அந்த வாரங்களின் அவசரங்கள் வேறு: காணாமற்போனோர், குடிநீர், உடைந்த துறைகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய கச்சால் தீவு, மிகுதியான உயிர்களை இழந்த இடங்களில் ஒன்று. பிறகு தகரக் கொட்டகைகள் எழுந்தன. பின்னர் 9,000-க்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள். கார் நிக்கோபாரில் கரையோர ஊர்கள் தீவின் உட்பகுதிக்கு நகர்ந்தன. ஊர் இடம் மாறினால் மின்கம்பியும் மாற வேண்டும். ஆனால் அந்தக் கம்பிகளின் மறுமுனையில் பெரும்பாலும் டீசல் எஞ்சினே இருந்தது. வட அந்தமானின் 5.25 மெகாவாட் கல்போங் புனல்மின் நிலையம் ஒரு விலக்கு.

2018 டிசம்பர் 30 அன்று பிரதமர் நரேந்திர மோதி மேற்கொண்ட பயணத்தில் பேச்சின் பொருள் விரிந்திருப்பதைக் காணலாம். கார் நிக்கோபாரில் சுனாமி நினைவிடத்தில் அஞ்சலி செலுத்தி, மூஸ் துறையருகே கரைப் பாதுகாப்புப் பணிக்கு அடிக்கல் நாட்டினார். அதே நாளில் போர்ட் பிளேரில் 7 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் தொடங்கிவைத்தார். நினைவஞ்சலி, கடற்சுவர், மின்சாரம் மூன்றும் ஒரே நாள் நிகழ்ச்சி நிரலில் வந்தன. அடுத்து, நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் டாலிகஞ்ச், அட்டம்பஹாட் பகுதிகளில் 20 மெகாவாட் சூரிய மின்திட்டத்தை 8 மெகாவாட் மணி மின்கலச் சேமிப்புடன் நிறுவியது. புரோத்ராபூர்க்காரருக்கு டாலிகஞ்ச் பக்கத்து ஊர்.

சூரிய மின்சாரம் வந்த தீவுகளுக்குக் காற்று மின்சாரம் ஏன் வரவில்லை? தமிழகத்தில் 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழன்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றைக் குவித்துத் தந்தது. அருகிலேயே பெரிய மின்கட்டமைப்பு இருந்தது. அந்தமானில் நிலத்தின் பெரும்பகுதி காடு. நில அதிர்வு மண்டலங்களில் கடுமையான ஐந்தாம் மண்டலம். 2013-இல் லெஹர் போல அவ்வப்போது புயல். தீவுக்குத் தீவு தனித்தனி மின்வலை என்பதால், காற்று சட்டென்று ஓயும்போது தாங்கிப் பிடிக்க அண்டை மாநிலம் கிடையாது. 2020-இல் சென்னையிலிருந்து கடலடித் தகவல் கேபிள் வந்துசேர்ந்தது. மின்சாரம் அப்படி வரவில்லை.

காற்றாலை இருந்தால் மட்டும் போதும் என்பதும் சரியல்ல. 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் டிசம்பர் 12-இல் முதல்வர் பழனிசாமி, 14-இல் ராகுல் காந்தி, 19-இல் மோதி என்று தலைவர்கள் குமரி மாவட்டத்துக்கு வந்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைத் தேடச் சொல்லி மீனவர்கள் அதற்கு முன்பே குழித்துறையில் ரயில் மறித்திருந்தார்கள். நாட்டின் பெயர்பெற்ற காற்றாலைக் கூட்டம் நிற்கும் அதே மாவட்டத்தில், மின்கம்பங்கள் சாய்ந்ததால் ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. உற்பத்தி ஆகும் இடத்துக்கும் வீட்டு விளக்குக்கும் இடையில் உள்ள கம்பியும் சேமிப்பும்தான் புயலுக்கு மறுநாள் கணக்கில் வருகின்றன.

இந்தப் பாடத்துக்கு நெருங்கிய வடிவம் பாக் நீரிணையில் உருவானது. இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் கலப்பு மின்திட்டம் 2021-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் எதிர்ப்புக்குப் பின் நின்றது. இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2022 மார்ச்சில் இலங்கை சென்றபோது புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. 2024 மார்ச்சில் 1.1 கோடி டாலர் இந்திய மானியத்தில் பணி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் அளவுகள் கவனத்துக்குரியவை: சூரியம் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், மின்கலம் 2,400 கிலோவாட் மணி. இவற்றோடு 2,500 கிலோவாட் டீசல் எஞ்சினும் மாற்று ஏற்பாடாக இருக்கும்.

தீவில் காற்றின் இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன்: சிறிய பங்கு, ஆனால் பருவம் அறிந்த பங்கு. மே முதல் செப்டம்பர் வரை மேகம் மூடி டாலிகஞ்சின் சூரியத் தகடுகள் மங்கும் மாதங்களில்தான் தென்மேற்குக் காற்று அந்தமானில் வலுக்கிறது. அந்தக் காற்றை வாங்கிவைக்கும் மின்கலம் புரோத்ராபூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த தலைவர் வரும்போது ஊராட்சி நீட்டும் மனுவில், கடற்சுவருக்கும் துறைக்கும் பக்கத்தில், சில சிறு காற்றாலைகளும் இடம்பெறலாம்.